பட்டறை வைக்கப்போகும் மருமகனுக்கு

திருக்கோகர்ணம்,
புரட்டாசி.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. டேபிள் சா இருக்கிறது, பிளேனர் இருக்கிறது, ரவுட்டர் இருக்கிறது. ஜெர்மன் உளி செட், ஜப்பான் இழுப்பு ரம்பம், சுவரில் கருவி மாட்டும் இரும்புத் தட்டி வரைக்கும் இருக்கிறது. மரம் மட்டும் இல்லை. உன் அத்தையிடம் காட்டினேன். "அது கடையில வாங்கிக்கலாம்னு விட்டிருப்பான்" என்று உனக்காகப் பரிந்து பேசினாள். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற அந்த நினைப்பைத்தான் முதலில் உன்னிடமிருந்து எடுக்க வேண்டும்.

கருவியை இன்றிரவு போனில் சொன்னால் இரண்டு நாளில் உங்கள் ஆலங்குடியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மரம் அப்படி வராது. பச்சையாக அறுத்த பலகை காய்வதற்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது குளிர்நாட்டில் சொல்லும் கணக்கு. நம் வெயிலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆனாலும் தையில் அடுக்கினால் ஆவணிக்கு முன்னால் அதில் உளி வைக்காதே. எவ்வளவு பணம் இருந்தாலும் இந்த மாதங்களைச் சுருக்க முடியாது. அதனால் முதல் வருஷம் செலவழிக்கப்போகும் தொகையில் பெரும்பங்கு மரத்துக்குப் போகட்டும். அடுத்த பங்கு சாணைக்கல்லுக்கும் நல்ல வெளிச்சத்துக்கும். கருவி அதற்குப் பிறகு, மெஷின் எல்லாவற்றுக்கும் கடைசி. இதைத் தலைகீழாகச் செய்தவர்களின் பட்டறைகளை நம் ஊரிலேயே காட்ட முடியும். அங்கே மெஷின் மேல் துணி காய்கிறது.

உன் வீட்டில் மரம் இல்லையென்றும் சொல்ல முடியாது. மாட்டுக்கொட்டகைப் பரணை அண்ணாந்து பார்த்திருக்கிறாயா? 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வந்து போனதே, அன்றைக்குக் கொல்லையில் சாய்ந்த பலாவின் பலகைகள் அவை. அந்த வாரம் கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் பலாவும் மாவும் தென்னையும் படுத்துக் கிடந்தன. அறுக்க ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை. நூறு வருஷத்துப் பலா விறகு விலைக்குப் போனது. உன் அப்பா மட்டும் பிடிவாதமாக ஒரு கட்டையை மில்லுக்கு வண்டியேற்றி, ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்துவந்து பரணில் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியல, மனசு வரல" என்றார். அந்தப் பலகை இப்போது முழுக்கக் காய்ந்து, நம் மாவட்டத்துக் காற்றின் ஈரத்தோடு ஒத்துப்போய்க் கிடக்கிறது. காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத சரக்கு.

அதனாலேயே அதைத் தொடாதே. முதல் வருஷம் தொடாதே. பலாவின் வைரம் நல்ல மஞ்சளாக இருந்து வருஷம் போகப்போகச் செம்பழுப்பாகும். கரையான் அதைச் சீக்கிரம் சீண்டாது, உளிக்கும் இணங்கிக் கொடுக்கும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாக்கட்டையில் குடைந்தவை. கஞ்சிராவின் வளையமும் பலாதான். அந்தக் கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்தவர் நம் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட மரத்தில் கை பழகக்கூடாது. கை பழக வேம்பு இருக்கிறது, பூவரசு இருக்கிறது.

நம் பக்கத்து மரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேம்பு மலிவு, கரையானுக்குக் கசப்பு, கதவு ஜன்னலுக்கு நம்பலாம். ஆனால் அதன் நார் ஒரே வாட்டத்தில் ஓடாது. ஒரு சாண் தூரம் இழைப்புளி வழுக்கிப் போகும், அடுத்த சாணில் பொத்துக்கொண்டு பிய்க்கும். பழகுகிறவனுக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. பூவரசு அழகான மரம், பெரிய அகலத்தில் கிடைப்பதுதான் கஷ்டம். புளியும் கருவேலமும் பலகைக்கு ஆகாவிட்டாலும் விட்டுவிடாதே. கொட்டாப்புளிக்குப் புளி, உளிப்பிடிக்கும் கோடாரிக் காம்புக்கும் கருவேலம். மா சீக்கிரம் வண்டு விழுந்து உளுத்துப்போகும், தூக்கிப் போடுகிற சாமானுக்குத்தான் லாயக்கு. வாகை உறுதியான மரம்தான், ஆனால் தூள் மூக்கில் ஏறினால் நாளெல்லாம் தும்மல். தைல மரம் மாவட்டம் முழுக்க ஏக்கர் கணக்கில் நிற்கிறதே, மலிவாகக் கிடைக்குமே என்று ஆசைப்படாதே. காகிதக் கூழுக்காக வளர்த்தது. இளமரத்தை அறுத்ததும் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு, பலகை வில்லாக வளைந்து வெடிக்கும். எந்த மரமானாலும் சுற்றிலும் வெளுப்பாக இருக்கும் பகுதியை, ஆசாரிகள் வெள்ளை என்று சொல்வதை, இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளு. வண்டு முதலில் குடியேறுவது அங்கேதான். விற்பவர் எத்தனை சொன்னாலும் வெள்ளை வெள்ளைதான்.

மரவாடிக்குப் போவதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொண்டு போ. உருட்டுக்கட்டையின் நடுவில் கயிற்றைச் சுற்றி, அந்தக் கயிற்றை நாலாக மடித்து, வந்த அடியை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. நீ பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டால் 12.7 வரும். நாலாக மடிக்கும் கணக்கில் உண்மை அளவில் 78.5 சதவீதம்தான் விலைக்கு வருகிறது. மீதி பட்டைக்கும் அறுவைச் சேதாரத்துக்கும் விட்டது. இங்கிலாந்தில் ஹாப்பஸ் என்பவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு அட்டவணை போட்டுப் புத்தகம் வெளியிட்டார். அறுத்த பலகைக்குக் கணக்கு வேறு: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். அங்குலத்துக்குக் கீழே அவர்கள் பேசுவது நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். "ஆறு நூல் பலகை" என்றால் முக்கால் அங்குலம். மில்லிமீட்டரில் பேசினால் உன்னைப் புதுசு என்று கண்டுகொள்வார்கள்; விலையிலும் அது தெரியும்.

பழைய மரத்தையும் தேடிப் பார். இராயவரம், கோனாபட்டு, விராச்சிலை, நச்சாந்துபட்டி என்று நம் மாவட்டத்துக்குள்ளேயே நகரத்தார் வீடுகள் எத்தனை. ஏதாவது ஒன்று பிரிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, தலைமுறை தலைமுறையாகக் காய்ந்தது. தூண்கள் காரைக்குடிக் கடைகளுக்குப் போய்விடும். உடைந்த ரீப்பரும் துண்டுச் சட்டமும் யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கும். அதை வாங்கு. வாங்கியதும் ஒரு காந்தத்தை மேலெல்லாம் ஓட்டி, உள்ளே தலை முறிந்து கிடக்கும் ஆணிகளைப் பிடுங்கு. ஓர் ஆணி போதும், ஒரு மாதம் தீட்டிய விளிம்பு போய்விடும்.

பச்சை மரம் வாங்கினால் அடுக்கும் முறை முக்கியம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் அறுத்துவிடு. அறுத்த அன்றே இரண்டு முனைகளிலும் பெயின்டோ மெழுகோ பூசு. ஈரம் முனை வழியாகத்தான் அவசரமாக வெளியேறும், அப்படி ஓடும்போது பலகை வெடிக்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் வைத்து, பலகைக்குப் பலகை இடையே ஓரங்குலக் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கொடு. குச்சிகள் எல்லாம் ஒரே கனமாக, மேலிருந்து கீழ்வரை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு குச்சி விலகினாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்து காயும், பிறகு நிமிராது. மேலே பாரம் ஏற்று. நிழல் வேண்டும், காற்று வேண்டும், நேர்வெயில் கூடாது. முனையில் மரத்தின் பெயரும் அறுத்த மாதமும் எழுதிவை. காய்ந்ததா என்று பார்க்க விலையுயர்ந்த மீட்டர் தேவையில்லை. அதே மரத்தின் ஒரு துண்டை அடுக்கிலேயே செருகிவைத்து, மாதம் ஒரு தடவை என் அக்காவின் சமையலறைத் தராசில் எடை போடு. எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. அக்கா திட்டினால் மாமா சொன்னார் என்று சொல்.

காய்ந்த பிறகும் மரம் சும்மா இருக்காது. நம் மாவட்டத்தில் மழை அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் பருக்கும். பங்குனி, சித்திரையில் வற்றும். கார்த்திகையில் பூட்ட முடியாத கதவு சித்திரையில் தானே ஆடுவதற்கு இதுதான் காரணம். நீளவாக்கில் மரம் அசைவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அசைவெல்லாம் அகலத்தில்தான். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை குழிந்து போவது இதனால். பழைய கதவுகளைப் பார்த்தால், சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையில்லாமல் செருகி, அசைய இடம் விட்டிருப்பார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் நாலு பக்கமும் ஃபெவிகால் தடவி இறுக்கினால், மரம் ஒரு வருஷத்தில் தன் வழியைத் தானே பிளந்து எடுத்துக்கொள்ளும்.

இடத்துக்கு வருகிறேன். மாட்டுக்கொட்டகையைப் பட்டறையாக்குவது நல்ல யோசனை. தகரக்கூரைக்குக் கீழே தென்னங்கீற்றையாவது ஏதாவது தட்டியையாவது அடித்துவிடு, இல்லையென்றால் சித்திரையில் அங்கே நிற்க முடியாது. வடபக்கச் சுவரில் ஒரு ஜன்னலைத் திற. வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், கோட்டில் நிழல் அதிகம் விழாது. பலகையையோ அலமாரியையோ சுவரில் ஒட்டிச் சாய்க்காதே. கரையான் மண்ணோடை சுவரில் ஏறுவது உன் கண்ணில் பட வேண்டும். வேலை மேசையான பட்டடையின் கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டு வை. நம் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு வெட்டியபின் மிஞ்சும் பாலிஷ் போட்ட துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கு. அது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

பட்டடையை விலைக்கு வாங்காதே, செய்துகொள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் போதும். மேற்பலகை கனமாக இருக்கட்டும், கால்கள் ஆடக்கூடாது, மற்றது எப்படி இருந்தாலும் சரி. அதுவரை தரையில் உட்கார்ந்து செய். நம் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் அமர்ந்து, பாதத்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிலையும் கதவும் செய்தார்கள். ஜப்பான்காரர்களும் அப்படியே. நீ பார்க்கும் வீடியோக்களில் எல்லோரும் நின்றுகொண்டு செய்வதால் உட்கார்ந்து செய்வது மட்டமான முறை என்று எண்ண வேண்டாம்.

கைக்கருவியில் எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். ஒரு மூலமட்டம், ஓர் எஃகு அளவுகோல், கால், அரை, ஓரங்குலத்தில் மூன்று உளி, ஓர் இரும்பு இழைப்புளி, நெடுக்கே அறுக்க ஒன்றும் குறுக்கே அறுக்க ஒன்றுமாக இரண்டு ரம்பம், கொட்டாப்புளி, நாலு சி கிளாம்ப், ஒரு கை ட்ரில். இவற்றை வைத்து வீட்டுக்கு வேண்டிய முக்கால்வாசிச் சாமான் செய்யலாம். மேற்கொண்டு வாங்குவது, ஒரு வேலை பாதியில் நின்று "இது இல்லாமல் முடியாது" என்று சொல்லும்போதுதான். மூலமட்டத்தைக் கடையிலேயே சோதித்துவிடு. நேர்விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு இழுத்து, மட்டத்தைப் புரட்டிப்போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் கீழே வைத்துவிட்டு வா. பழைய இரும்புக் கடைகளையும் எட்டிப் பார். துருப்பிடித்த பழைய உளியின் எஃகு, புது மலிவு உளியைவிட மேலாக இருப்பதுண்டு. துரு மேலோடு இருந்தால் தேய்த்துவிடலாம், குழி விழுந்திருந்தால் வேண்டாம்.

இனி தீட்டுவது. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வாய் என்றால் இதை வைத்துக்கொள். மழுங்கிய உளியை மரத்துக்குள் செலுத்தப் பலம் வேண்டும். பலம் கொடுத்த கை, உளி வழுக்கினால் நிற்காது, மறுகையில் போய்த்தான் நிற்கும். கூரான உளி தள்ளிய அளவுக்குப் போய்த் தள்ளிய இடத்தில் நிற்கும். கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும், எந்த நாட்டு உளியானாலும். முதலில் அதன் முதுகைச் சமமாக்கு. அதற்குத்தான் அந்தக் கிரானைட் துண்டு. அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, உளியின் முதுகை அழுத்தித் தேய். நுனியில் ஓரங்குலம் கண்ணாடியாக வந்தால் போதும், முழுவதும் வேண்டாம். பிறகு சாணைக்கல்லில் சரிவைத் தீட்டு. மென்மரத்துக்கு 25 பாகை என்பார்கள். வேம்பும் புளியும் அறுக்கும் நமக்கு 30 தான் தாங்கும். கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் தீட்டத் தீட்ட, உளியின் மறுபக்கத்தை விரலால் நெருடிப் பார்த்தால் ஒரு பிசிறு எழுந்திருக்கும். விளிம்பின் முழு அகலத்துக்கும் அந்தப் பிசிறு எழும்வரை நிறுத்தாதே. எழுந்ததும் நைசான பக்கத்துக்கு மாற்றி, கடைசியில் பழைய தோல்வாரில் இழுத்துப் பிசிறை உதிர்த்துவிடு. முன்கை மயிரில் சோதிப்பதெல்லாம் ஜம்பம். வேப்பம்பலகையின் முனையில் சீவிப் பார், பொடியாக உதிராமல் சீவலாக வந்தால் கூர் சரி. தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடு, உளியைக் கொடுக்காதே. சக்கரத்தின் சூட்டில் நுனி நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. அந்த அளவையும் தேய்த்துத் தள்ளினால்தான் மறுபடி கூர் நிற்கும்.

ரம்பத்தை முக்கோண அரத்தால் நீயே தீட்டலாம். இப்போது விற்கும் ஜப்பான் ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பல்லைத் தீட்ட முடியாது. மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும், அந்த அலகு புதுக்கோட்டையில் கிடைக்காது. எந்தக் கருவி வாங்கினாலும் இந்தக் கேள்வியைக் கேள்: கெட்டுப்போனால் இதை இந்த ஊரில் யார் சரிசெய்வார்?

பராமரிப்புக்கு நம் முன்னோர் நல்ல நாள் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை. பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவியையும் இறக்கி, துடைத்து, தீட்டி, எண்ணெய் போட்டு, கரையான் ஓடை பார்த்து, பிடி தளர்ந்ததை இறுக்கும் வேலையை அந்த வாரத்தில் வைத்துக்கொள். பூஜை முடிந்த மறுநாள் சந்தனம் குங்குமத்தை மறக்காமல் துடைத்துவிடு. பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு பிடித்த இழைப்புளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகி அதிலேயே தூள் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. மழைக்காலம் முழுக்க வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு. அவ்வளவே.

பசைக்கு இப்போது எல்லோரும் ஃபெவிகால்தான், நானும் அதுதான். முன்பு வச்சிரப் பசையை உருக்கிச் சூட்டோடு தடவுவார்கள், அந்த நாற்றத்தை அத்தை இந்த வீட்டுக்குள் விடமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவுடையார்கோயிலுக்குப் போய்வா. மரவேலை படிக்கக் கற்கோயிலா என்று சிரிக்காதே. அங்கே கொடுங்கையை அண்ணாந்து பார். மழைத்தண்ணீர் வழிய வெளியே நீட்டிய கல் கூரையின் அடிப்பக்கத்தில், மரக்கூரையின் கைமரங்களையும் குறுக்குச் சட்டங்களையும், அவற்றில் அடித்த ஆணிகளின் குமிழ்களையும் கல்லிலேயே செதுக்கிவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, இன்ன வேலையெல்லாம் செய்துதருவோம், ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதுவார்களாம். எந்தச் சட்டம் எதன்மேல் உட்கார்கிறது, பாரம் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்பதை அந்தக் கல் உனக்குச் சொல்லித்தரும். மரம் உளுத்துப்போகும், அதன் நகல் அங்கே நிற்கிறது.

கோயிலுக்கு அடுத்தபடி, பக்கத்துத் தெரு ஆசாரியிடம் போ. வீடியோ பார்த்துப் படிப்பது தப்பில்லை. ஆனால் வேம்பின் எதிர்வாட்டத்தை எந்த வீடியோவும் உன் கையில் உணர்த்தாது. ஒருநாள் கூலியை முழுதாகக் கொடுத்து, வேலை ஒன்றும் வாங்காமல் சொல்லித்தரும்படி கேள். முதலில் திகைப்பார், பிறகு சந்தோஷப்படுவார். இந்தத் தொழிலைச் செய்தவர்களைச் சாதி பார்த்துத் திண்ணையோடு நிறுத்திய ஊர் நம் ஊர். இன்று நீ பொழுதுபோக்காக உளி பிடிக்கும்போது அதை மறக்கக்கூடாது. "ஆசாரி வேலை உனக்கெதுக்கு?" என்று உறவில் யாராவது கேட்டால் அங்கேயே பதில் சொல்லிவிடு. அதோடு, அக்கம்பக்கத்தில் சும்மா செய்துதருகிறேன் என்று நிலை, கதவு ஒப்புக்கொண்டு அவர் பிழைப்பில் கை வைக்காதே. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்து, கருவி வாங்க 15,000 ரூபாய் என்றது. அது பிள்ளைகளைக் குலத்தொழிலுக்கே திருப்பும் என்று தமிழ்நாடு மறுத்து, 35 வயது நிரம்பியவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது. உனக்கு அந்த வயதும் ஆகவில்லை, அந்தப் பணம் உனக்கானதும் இல்லை. ஆசாரிக்கு விண்ணப்பம் போடத் தெரியாவிட்டால் உட்கார்ந்து போட்டுக்கொடு. அது உன் குருதட்சிணை.

முதல் சாமானாக மணை செய். பிறகு முக்காலி. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, அதனால் உன் குறை வெளியே தெரியாது. நாற்காலியை இரண்டாம் வருஷத்துக்கு வை. பரணில் இருக்கும் பலாவுக்கு எப்போது தயார் என்று நீயே உணர்வாய்.

மெஷினைப் பற்றி. ஒருநாள் வாங்கத்தான் போகிறாய், தடுக்கவில்லை. ஆனால் நம் பக்கம் எல்லோரும் செய்வதைப்போல, கல் அறுக்கும் கட்டிங் மெஷினிலோ கிரைண்டரிலோ பல்லுள்ள மர பிளேடை மாட்டி அறுக்காதே. கல் பிளேடுக்குப் பல் கிடையாது, அது தேய்த்துக்கொண்டுதான் போகும். மரப் பல் ஓரிடத்தில் கவ்வினால், நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஓடும் மெஷின் கையைவிட்டுத் துள்ளி உன் பக்கம் வரும். மர ரம்ப மெஷின் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில்தான் ஓடும், பிளேடை மூடும் தகடும் அதற்கு உண்டு. அந்தத் தகட்டைக் கழற்றி எறிபவர்களைப் பார்த்துப் பழகாதே. சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது, லுங்கி கூடாது, தோளில் துண்டு கூடவே கூடாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கிலும் சைனஸிலும் வருகிறது. என்95 முகக்கவசம் ஒரு டீ வடைக் காசுதான். ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடு.

கடைசியாக ஒன்று, இது அறிவுரை இல்லை, வேண்டுகோள். கொட்டகைக்கு இப்போது வீட்டு மீட்டரிலிருந்து ஒற்றை வயரை இழுத்து பல்பு போட்டிருக்கிறீர்கள். அதில் மெஷினைச் செருகாதே. எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி லைன், சரியான எர்த், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றையும் போட்டு முடித்துவிட்டு எனக்குச் சொல். அதற்குப் பிறகே எந்த மெஷினுக்கும் பணம் கட்ட வேண்டும்.

அன்புடன்,
மாமா